வாத்தியார் நாவல் எழுதினார். மாணவர்கள் வார்த்தைகளை எண்ணினார்கள்!

எழுத்தை நம்பி வேலையை விடலாமா? இங்கிலாந்து நாட்டுக் கணக்கு

இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்று ஓர் ஊர். வானளாவிய கோபுரம் உடைய மாதா கோயில் அங்கே இருக்கிறது. அந்தக் கோயிலை அடுத்து, அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கூடம்.

1950-ம் ஆண்டை ஒட்டிய காலம். வகுப்பில் பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். வாத்தியாரும் எழுதிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் எழுதியது பாடம். வாத்தியார் எழுதியது நாவல்! அதுவும் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில்! எத்தனை வார்த்தை எழுதியிருக்கிறோம் என்று எண்ணிச் சொல்லும் வேலையைச் சில சமயம் மாணவர்களிடமே கொடுத்துவிடுவார்.

அந்த வாத்தியார்தான் வில்லியம் கோல்டிங். 1983-ம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

மூன்றும் தோல்வி

பரிசு பெற்றதை உலகம் அறியும். அதற்கு முன் பட்ட பாட்டைப் பலர் அறியமாட்டார்கள்.

கோல்டிங்குக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். வாத்தியார் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. இரண்டாவது உலகப் போரில் கடற்படையில் பணியாற்றிவிட்டு, 1945-ல் அவர் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் எழுதினார். மூன்று நாவல்கள் எழுதி முடித்தார். மூன்றையும் வெளியிட ஆள் இல்லை.

ஒரு நாள் மனைவியிடம் ஒரு யோசனை சொன்னார். ஆள் இல்லாத தீவில் சிறுவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. அவர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்வார்கள்? இதைக் கதையாக எழுதினால் என்ன? "நல்ல யோசனை, எழுதுங்கள்" என்று மனைவி ஊக்கம் கொடுத்தார்.

அதையும் பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினார்கள். பேபர் என்ற கம்பெனியில் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்தவரும் வேண்டாம் என்று ஒதுக்கினார். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருந்த சார்லஸ் மான்டீத் என்பவர் அதைக் கையில் எடுத்தார். தொடக்கத்தை வெட்டச் சொன்னார். தலைப்பும் மாறியது. 1954-ம் ஆண்டு செப்டம்பரில் 'லார்ட் ஆப் தி பிளைஸ்' (ஈக்களின் தலைவன்) வெளிவந்தது. அப்போது கோல்டிங்குக்கு வயது 42.

உடனே வேலையை விட்டாரா?

இல்லை! இதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். வாத்தியாராக இருந்துகொண்டே மேலும் மூன்று நாவல்களை வெளியிட்டார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே புத்தகம் பரவிய பிறகு, 1960-களின் தொடக்கத்தில்தான் பள்ளிக்கூடத்தை விட்டார்.

இன்று கோல்டிங்கைப் போல் ஒரு வாத்தியார் இங்கிலாந்தில் இருந்தால் அவர் கதி என்ன? கணக்கைப் பார்ப்போம்.

2022-ம் ஆண்டில் பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் வருமானம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. உழைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுத்துக்கே கொடுப்பவர்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்பவருக்கு எழுத்தால் கிடைத்தது ஆண்டுக்கு 7,000 பவுன். மாதத்துக்கு 600 பவுன்கூட இல்லை! 2006-ம் ஆண்டில் இது 12,330 பவுனாக இருந்தது. விலைவாசி ஏறியது, எழுத்தாளர் கூலி இறங்கியது.

வாத்தியார் நிலை என்ன? லண்டனுக்கு வெளியே அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்பவருக்கு 2024 செப்டம்பரில் ஆண்டுச் சம்பளம் 31,650 பவுன். எழுத்தாளரைப் போல் நாலு மடங்குக்கு மேல்!

அப்படியானால் வேலையிலேயே இருந்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். முழு நேர ஆசிரியர்கள் வாரத்துக்கு 50 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாக அரசாங்கத்தின் ஆய்வே சொல்கிறது. மணி அடித்ததும் வேலை முடிவதில்லை. நோட்டுத் திருத்த வேண்டும். மறுநாள் பாடம் தயாரிக்க வேண்டும். பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மூளையில் கதைக்கு ஏது இடம்?

ஆக, வேலையை விட்டால் சோறு இல்லை. விடாவிட்டால் நேரம் இல்லை!

நடுவழி உண்டா?

ஒரு வழி இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல், அந்த நாட்டில் வேலையில் சேர்ந்த முதல் நாளே 'வேலை நேரத்தை மாற்றித் தாருங்கள்' என்று கேட்கும் உரிமை தொழிலாளர்களுக்கு உண்டு. வாரத்தில் நாலு நாள் பள்ளிக்கூடம், ஒரு நாள் எழுத்து என்று கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்கத்தான் உரிமை. தக்க காரணம் காட்டி நிர்வாகம் மறுக்கலாம். கொடுத்தாலும் சம்பளம் குறையும், பென்ஷனும் குறையும். ஆகவே, இது கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய குடும்பக் கணக்கு.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து வாத்தியார் தம் நாவலை எழுதியது சரியா? அந்த நேரம் பிள்ளைகளுடையது அல்லவா? நோபல் பரிசு வந்ததால் அது நியாயமாகிவிடாது. நாவல் வரும்வரை உலகம் காத்திருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையின் படிப்பு காத்திருக்காது.

ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. சிறுவர்கள் எப்படிக் கூட்டுச் சேருவார்கள், எப்படி ஒருவனை ஒதுக்குவார்கள், யாருக்குப் பயப்படுவார்கள் என்பதெல்லாம் கோல்டிங்குக்குத் தெரிந்திருந்தது. போர்க்களம் ஒரு பாதியைக் கற்றுக் கொடுத்தது. வகுப்பறை மறு பாதியைக் கற்றுக் கொடுத்தது. நேரத்தைத் தின்ற அதே வேலைதான் கதையையும் கொடுத்தது!

பின்னாளில் அந்த நாவலே இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பாடமாயிற்று. மேசையில் இருந்து மாணவரிடம் போன அந்த எழுத்தை, வேறு வாத்தியார்கள் வேறு மாணவர்களுக்கு இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.