ரிப்போர்ட் நல்லாயிருந்தா போதுமா?

கரடியின் பித்தத்தில் உள்ள சத்து அது. சீன வைத்தியர்கள் பல நூறு வருடங்களாக மருந்தாகக் கொடுத்தார்கள். இன்று கரடி வேண்டாம், பாக்டரியிலேயே தயாராகிறது. பெயர் உர்சோடீஆக்சிகோலிக் அமிலம். வாயில் நுழையாது, 'உர்சோ' என்றால் போதும்.

பித்தக் குழாய் நோயாளிகள் வருடக்கணக்கில் இதை விழுங்குகிறார்கள். பலன் உண்டா? எந்த நோய் என்பதைப் பொறுத்தது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் நோய் பி.பி.சி. (லண்டன் ரேடியோ அல்ல!) கல்லீரலுக்குள் இருக்கும் பொடிப் பொடிக் குழாய்கள் அழியும். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும். உடம்பெல்லாம் அரிப்பு, ஓயாத அசதி. உர்சோ சாப்பிட்டாலும் இவை அவ்வளவாகக் குறையாது. "ஒண்ணும் கேக்கலே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. நோய் முற்றுவதைத் தள்ளிப் போடுவதுதான் மாத்திரையின் வேலை.

இதிலும் சண்டை உண்டு. பழைய பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்த 2012 ஆய்வு, சாவு குறைந்ததாகச் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பல சில வருடங்களில் முடிந்தவை. நோயோ இருபது வருடம் இழுக்கும். சுமார் 3,900 நோயாளிகளை நீண்ட காலம் கவனித்த கணக்கு 2019-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்கள் மாற்றுக் கல்லீரல் இல்லாமலே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ரத்த ரிப்போர்ட் சரியாக இறங்காதவர்களுக்கும் பலன் தெரிந்தது.

இரண்டாவது நோய் பி.எஸ்.சி. குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும். ஆண்களுக்கு அதிகம். இங்கே கதை தலைகீழ்.

அமெரிக்காவில் 150 பேரை வைத்துப் பரிசோதனை. பாதிப்பேருக்கு உர்சோ, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எடையில் கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் டோஸ். பி.பி.சி.க்குக் கொடுப்பது 13 முதல் 15-தான். ரத்த ரிப்போர்ட் ஜோராக இறங்கியது. ஆனால் சாவு, மாற்று அறுவை போன்ற ஆபத்துகள் மருந்து சாப்பிட்டவர்களிடமே அதிகம்! பரிசோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2009-ல் வெளியானது.

'நம்பர் குறையுதே' என்று பி.எஸ்.சி.க்காரர் தானாக டோஸை ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவது. இதைக் கேட்டுப் பயந்து பி.பி.சி. அம்மாள் மாத்திரையை நிறுத்தினாலும் நஷ்டம் அவருக்கே.

பழைய சீட்டோடு மருந்துக் கடைக்குப் போகுமுன் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேட்கலாம்: "எனக்கு எது, பி.பி.சி.யா, பி.எஸ்.சி.யா? என் எடைக்கு எத்தனை மில்லிகிராம்?"