வரைபடம் எவர் கையில்?

மேடையிலே ஒரு காட்சி. குளிரூட்டிய கூடம்; மேசைமீது விரித்த வரைபடம்; சுற்றிலும் வல்லுநர் கூட்டம். “இது காலி நிலம்” என்கிறது கோடு. அந்தக் காலி நிலத்திலேதான் அடுப்பு எரிகிறது, தூளி ஆடுகிறது, பிணம் எடுக்கவும் வழியற்ற சந்திலே ஆயிரமாயிரம் பேர் வாழ்கின்றனர்! பின்னொரு நாள் அவர்களை அழைத்து, “திட்டம் தீட்டியாகிவிட்டது, கருத்துக் கூறுக” என்று கையொப்பத் தாளை நீட்டுகிறார்கள். இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பாம்! தாலி கட்டிய பிறகு மணமகளின் சம்மதம் கேட்கும் வேடிக்கை.

நாடகம் எழுதுபவன்தான் நான். எனினும் இது கற்பனையன்று. கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டோரைக் கேளுங்கள். வேலை நகருக்குள்ளே, வீடு நகருக்கு வெளியே!

வேறு வழி உண்டா? உண்டு, தோழர்களே. கராச்சியின் வடமேற்கே ஒராங்கி என்றொரு குடியிருப்பு. 1971-க்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏதிலியரும் அங்கே குவிந்தனர். சாக்கடை இல்லை, கழிவு தெருவிலே ஓடிற்று. 1980-இல் அங்கு வந்தார் அக்தர் ஹமீத் கான் — ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், கொமில்லாவிலே உழவர் கூட்டுறவை வளர்த்தவர். வந்தவர் திட்டம் அறிவிக்கவில்லை. தெருத்தெருவாய் நடந்தார், கேட்டார்.

“அரசு போட்டுத் தரட்டும்” என்றனர் மக்கள். நியாயமான கோரிக்கைதான், ஆனால் அரசு வரவில்லையே! இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்து ஒவ்வொன்றும் தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தது. தானே பணம் திரட்டிற்று. பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தது. கானின் அமைப்பு அளவெடுத்தது, மதிப்பீடு தந்தது, கருவிகளை இரவல் கொடுத்தது. பணத்தை மட்டும் தொடவில்லை. (பணப்பெட்டியைத் தொடாத திட்டம்! நம் ஒப்பந்தக்காரர்கள் கேட்டால் மூர்ச்சையாவார்கள்.) இடைத்தரகு ஒழிந்தது, செலவு பன்மடங்கு குறைந்தது.

“ஏழையே தோண்டிக்கொள்ளட்டும்” என்று ஆள்வோர் கைகழுவ இதைச் சாக்காக்குவோரும் உளர். அதற்கு இடங்கொடேல்! கழிப்பறையும் சந்துக் குழாயும் கிளைக் கால்வாயும் மக்கள் பொறுப்பு. பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று அவர்கள் எல்லை வகுத்தே வைத்தனர்.

பகுதி இளைஞர்களே அளவெடுக்கக் கற்றனர். கழிவுநீர் இயற்கை ஓடைகளின் வழியேதான் ஓடுகிறது என்பதைத் தாளிலே காட்டினர். அந்த ஆதாரத்தின் வலுவால், கோரங்கியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலே தீட்டப்பட்ட பெருந்திட்டத்தை 1999-இல் சிந்து மாகாண ஆட்சி கைவிட நேர்ந்தது.

வரைபடம் வலிமையானது, ஆகவே ஆபத்தானது. ஒராங்கி அமைப்பை நடத்திய கட்டடக்கலை வல்லுநர் பர்வீன் ரஹ்மான், கராச்சி விளிம்புச் சிற்றூர்களின் நிலத்தையும் நகரின் குடிநீர் களவுபோகும் வழிகளையும் பதிவு செய்துவந்தார். 2013 மார்ச் 13 அன்று, பணி முடித்து வீடு திரும்பும் வழியிலே அவரைச் சுட்டுக் கொன்றனர்.

வட்டச் செயலாளர் தோழரே! நாளை உம் பகுதிக்கும் அதிகாரி வரைபடத்தோடு வருவார். அவர் வருமுன்பே சந்திலே பாய் விரித்து அமருங்கள். எந்த வீட்டில் எவர், எந்த நேரம் குழாயில் நீர், மழை எங்கே தேங்குகிறது, எவர் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார் — நம் பகுதிப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுங்கள். அவர் தம் தாளை விரிக்கும்போது, அதன் பக்கத்திலே நம் தாளும் விரிந்திருக்கட்டும்.