வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்?

“காலத்த வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கும் சாரே?” என்று கேட்டார் ஆசான். நான்கு மாதமாக நான் பட்ட தொல்லையில் இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. குலசேகரத்தில் சமதளமான முற்றம் வாய்ப்பது அபூர்வம். என் வீட்டு முற்றம் சாலையிலிருந்து மேலேறும் சரிவு; இரவெல்லாம் வண்டி மூக்கை உயர்த்தியபடியே நிற்கும். சொன்னேன். டாங்கில் டீசல் பாதிக்குக் கீழே போனால் தொல்லை கூடுமா என்று அடுத்த கேள்வி. கூடும் என்றேன். பானெட்டைத் திறக்காமலே, “லைனில எங்கயோ காத்து கேறுது சாரே” என்றார்.

வண்டி இருபது ஆண்டைத் தாண்டியது. 1998ல் டாடா சஃபாரியும் 2002ல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் வந்து, ‘டர்போ’ என்ற சொல் நம்மூர்ப் பேச்சில் புழங்கத் தொடங்கிய காலத்தின் டீசல் வண்டி. அப்பா வாங்கியது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே உயிர் வரும். வந்தாலும் ஐடிலிங் நிற்காது. ஆஸ்துமாக்காரரின் மூச்சைப்போல ஏறி இறங்கி, சந்திப்பில் கிளட்சை மிதித்தால் அணைந்துபோகும். ஓட்டத்தில் மட்டும் அவ்வளவாகக் குறை தெரியாது.

நாகர்கோவிலில் இரண்டு இடங்களில் காட்டினேன். ஓரிடத்தில் டர்போ போய்விட்டது என்றார்கள். இன்னோரிடத்தில் டீசல் பம்பை மாற்றவேண்டும் என்று எஸ்டிமேட் எழுதித் தந்தார்கள். அந்தத் தொகைக்கு வண்டியையே விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இரண்டு இடத்திலும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: எந்த வருடத்து மாடல்?

டர்போவைக் குற்றவாளி ஆக்கியது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஆல்ஃபிரட் பூசி என்ற சுவிஸ் பொறியாளர் 1905ல் காப்புரிமை பெற்ற எண்ணம் அது: வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. புகை பெருகினால்தான் சக்கரத்துக்கு வலு. ஐடிலிங்கில் புகை சொற்பம். சக்கரம் சுழலும், அழுத்தமென்று சொல்லும்படி எதுவும் பிறக்காது. டர்போவில் குறையென்றால் அது பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் தெரியும். இன்டர்கூலர் ஓஸ் கிழிந்திருந்தால் இழுவை குறைந்து கரும்புகை தள்ளும். சீல் போய் எண்ணெய் கசிந்தால் நீலப்புகை. நின்ற இடத்தில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் வேறு வியாதி. பழைய டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் கதவு கிடையாது. வேகத்தைத் தீர்மானிப்பது பம்புக்குள் இருக்கும் கவர்னர் அளந்து விடும் டீசல்தான். அந்த அளவில் காற்றுக்குமிழ் கலந்தால் எஞ்சின் தளரும், கவர்னர் கூட்டிக்கொடுக்கும், வேகம் மிஞ்சும், உடனே குறைக்கும். இந்த ஊசலைத்தான் நாம் கேட்கிறோம்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. என் வண்டியில் தனி ஊட்டுப் பம்பு கிடையாது. டாங்கிலிருந்து டீசலை மேலே இழுப்பது பிரதான பம்புதான். எனவே டாங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாயில் நடப்பது உறிஞ்சல். அங்கே ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளிக் கறையும் இராது. இரவில் மூக்கு உயர்ந்து நிற்கும் வண்டியில், அந்த ஓட்டை வழியே காற்று புக, குழாயில் நின்ற டீசல் மெல்லப் பின்வாங்கி டாங்குக்கே திரும்பிவிடும். ஆசானின் முதல் கேள்விக்கு இதுதான் பொருள்.

அவர் செய்த சோதனை இன்னும் எளிது. ஒரு பிளாஸ்டிக் குப்பியில் வடிகட்டிய டீசலை நிரப்பி, சிவன் கோயிலில் தாராபாத்திரம் தொங்குவதுபோல பானெட் கொக்கியில் கட்டினார். டாங்கு, நீண்ட குழாய், ஃபில்டர் அனைத்தையும் விலக்கிவிட்டு, குப்பியிலிருந்து நேரே பம்புக்கு ஒரு குழாய். திரும்பும் டீசலும் குப்பிக்கே. காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் ஒரே சுருதியில் நின்றது. பம்பு நிரபராதி, நாசில்களும் டர்போவும்கூட. பத்து நிமிடம் ஆயிருக்கும்.

பிறகு தேடுவதற்கு மிச்சமிருந்தது வழி மட்டும். ஃபில்டரின் அடியிலிருந்த திருகைத் தளர்த்தி நீர் இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், பாதி காலியான டாங்கின் சுவரில் ஈரம் படிவது இயல்பு. கொஞ்சம் இருந்தது, வடித்தார். ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடிபோன்ற குழாய்த்துண்டைச் செருகியபோது குமிழ்கள் வரிசையாக ஓடுவதை நானே பார்த்தேன். டாங்கின் அருகே ஒரு சாண் நீள ஓஸ். முன்பு எப்போதோ வழியில் யாரோ மாற்றியது. வெட்டி என் கையில் தந்தார். ஊறிய அப்பளம்போலத் தொளதொளத்தது. தண்ணீருக்குச் செய்த ஓஸ் அது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஊரைச் சுற்றி எங்கும் ரப்பர். விடியலில் பால்வெட்டு, முற்றமெங்கும் கொடியில் ஷீட்டு, மழைக்காலத்தில் புகைப்புரையின் வாடை. ஆனால் இந்த மரத்தின் பால் டயருக்குத்தான் உகந்தது. பெட்ரோலியத்தோடு சேர்ந்தால் இயற்கை ரப்பர் அதைக் குடித்து ஊதி, வலுவிழந்துவிடும். எரிபொருள் குழாய்க்கு வேண்டியது நைட்ரைல். 1930களில் ஜெர்மனியில் உருவான செயற்கை ரப்பர். ரப்பரில் பிழைக்கும் ஊர்க்காரன் நான், இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஆசான் முந்நூறு ரூபாய் கேட்டார். ஓஸும் இரண்டு கிளிப்பும் உள்பட. ‘ஒரு சாண் ஓஸுக்கா?’ என்று என் வாய்வரை வந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இங்கேதான் என் வாதம் இருக்கிறது. பெரிய பட்டறைகளைத் திட்டுவது சுலபம். கண்டுபிடிப்பதற்குக் கூலி தர நாமும் தயாராக இல்லை. புதிய உதிரியைப் பெட்டியோடு காட்டினால் ஆயிரக்கணக்கில் கொடுப்போம். அரைமணி நேர யோசனைக்குக் காசு கேட்டால் பேரம் பேசுவோம். பில்லில் யோசனைக்கு ஒரு வரி கிடையாது என்பதால்தான் யோசிக்காமல் மாற்றுகிறார்கள். ராபர்ட் பிர்சிக்கின் மோட்டார் சைக்கிள் நூலிலும் (1974) பட்டறைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கழற்றிக் கெடுத்த எஞ்சினின் மூலக்காரணம், இருபத்தைந்து சென்ட் மதிப்புள்ள ஒரு சிறு ஊசி.

இந்த முறைகள் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பழைய எஞ்சினில் நாசில் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று காது கொண்டே கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்தால் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அங்கே கணினிதான் வேண்டும். பழைய வண்டிகள் புகையைக் கூட்டுகின்றன என்ற வாதத்தையும் நான் மறுக்கவில்லை. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025ல் இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000. அதைக் கட்டலாமா வண்டியை உடைக்கக் கொடுக்கலாமா என்பது ஒவ்வொரு வீட்டின் கணக்கு. அந்தக் கணக்கை ஊதிப்போன ஓஸ் ஒன்று தீர்மானிக்க விடக்கூடாது என்பதே என் எண்ணம். என் வீட்டில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. வாங்குபவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்.

ஆசானிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வேண்டாமென்றேன். “அதெதுக்கு சாரே” என்று இருநூறை என் சட்டைப்பையில் திணித்துவிட்டு, அடுத்து நின்ற ஆட்டோக்காரரிடம் எதையோ கேட்கப் போய்விட்டார்.