எளிமையும் செம்மையும்

ஆற்று நீர் தெளிந்திருந்தால் அடியிலுள்ள மணல் தெரியும். மொழி தெளிந்திருந்தால் கருத்துப் புலப்படும். மொழியின் தெளிவுக்கு எளிமை வேண்டும். இலக்கணச் செம்மையும் வேண்டும். இவ்விரண்டும் இந்நாளில் குறைந்து வருவது வருந்தத்தக்கது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்துள்ளது மணலூர்பேட்டை. ஆண்டுதோறும் தைத் திங்கள் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து இவ்வூர் ஆற்றுக்குத் தீர்த்தவாரி காண எழுந்தருளுகிறார். அன்று திரளும் மக்களுள் கற்றறிந்தவரும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படிப்போரும் உண்டு. பொது அறிவிப்பு இரு சாராருக்கும் விளங்க வேண்டுமன்றோ?

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஃபெஞ்சல் புயல் பெருமழையைக் கொணர்ந்தது. சாத்தனூர் அணையிலிருந்து மிகுதியான நீர் திறந்துவிடப்பட, பெண்ணை கரைபுரண்டு ஓடியது. இத்தகைய வேளையில், ‘நீர் வெளியேற்ற அளவு அதிகரிக்கப்படுவதன் காரணமாகக் கரையோரப் பொதுமக்கள் இடம்பெயர்தல் மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்று ஓர் அறிவிப்பு எழுதப்படுவதாகக் கொள்க. இதில் எளிமை இல்லை, இலக்கணமும் இல்லை. ‘பொதுமக்கள்’ என்னும் எழுவாய்க்கு ஏற்ற பயனிலை எங்கே? ‘ஆற்றில் வெள்ளம் வருகிறது, கரையில் இருப்போர் உடனே மேட்டுக்குச் செல்லுங்கள்’ என்றால் சிறுவனும் உணர்வான். எழுவாயும் பயனிலையும் அருகருகே நிற்பின் பிழை நுழைய இடமில்லை. அரைநொடித் தெளிவு ஓர் உயிரையும் காக்கக்கூடும்.

“கருத்து விளங்கினால் போதும், இலக்கணம் எதற்கு?” என்பார் சிலர். கீரைக் கடை என்பது கீரை விற்கும் இடம். இடையிலுள்ள ஒற்று நீங்கின், ‘கீரை கடை’ என்பது கீரையைக் கடையுமாறு இடும் ஏவல் ஆகிவிடும். கரை ஊரைக் காக்கும். கறை ஆடையைக் கெடுக்கும். ஓரெழுத்து மாறினும் பொருள் மாறுகிறது. ஆதலின் இலக்கணம் புலவர்க்கு மட்டும் உரிய அணிகலன் அன்று. கருத்தைச் சிதையாமல் சுமக்கும் கலம் அது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் இம்மாநிலத்தின் ஆட்சிமொழி ஆயிற்று. ஆனால் விளங்காத தமிழில் எழுதிய ஆணை, அயல்மொழியில் எழுதிய ஆணையைப் போன்றதே. அதன் பொருளை அறிய உழவர் பிறர் உதவியை நாட நேரின், அச்சட்டத்தின் பயன் முழுமை பெறுமோ?

இன்றைய மாணவரே நாளைய ஆணைகளையும் அறிவிப்புகளையும் எழுதுவோர். சிறு சொற்களைத் தேர்ந்து, பிழையற எழுதி, எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை அவர்கள் இப்பருவத்திலேயே கைக்கொள்வாராக.