தேடாதது கிடைக்குமா?

உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. எந்த அயனிக்குச் சோதனை செய்யவில்லையோ, அதை ‘இல்லை’ என்று எழுதக்கூடாது. எழுதினால் எனக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். ஒரு நாட்டின் குடிநீரில் இப்படி நேர்ந்தால்?

வங்கதேசத்தில் குளத்து நீரைக் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் மடிந்த நிலையை மாற்ற, 1970-களிலிருந்து யூனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. அதைப் பார்த்து மக்கள் தம் செலவில் இறக்கியவை அவற்றிலும் அதிகம். நோக்கத்தில் குறை சொல்வதற்கில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குழாய் நீர் என்று அறிக்கைகள் பெருமை பேசின. அந்த நீரில் ஆர்சனிக் இருப்பது 1993-இல்தான் உறுதியாயிற்று. எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தில் 1983-லேயே நோயாளிகள் கண்டறியப்பட்டிருந்தனர் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது 1992-ஆம் ஆண்டு ஆய்வு. பிரிட்டிஷ் அரசின் உதவிப் பணத்தில் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் அங்கே 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. பல தனிமங்களை அளந்தது, ஆர்சனிக்கை அளக்கவில்லை. படிப்பவர் அதை ‘இல்லை’ என்றுதானே எடுத்துக்கொள்வார்? பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டன் வரை வழக்காடினார். 2006-இல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. குடிக்க உகந்த நீரென்று நிறுவனம் சான்று தரவில்லை, அந்தக் கிராமவாசிக்கு அது கடமைப்பட்டதும் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் பணம் கொடுத்தவருக்கு அறிக்கை, குடித்தவருக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கு நியாயமா?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். எங்கள் தெரு அடிகுழாய் மேடையிலும் திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதியிருக்கிறது. அளக்க வந்தவர்கள் மேடையின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார்கள். “தண்ணி எப்படி இருக்கு?” என்று என் தாயாரை ஒருவரும் கேட்டதில்லை.

வங்கதேசத்தில் பின்னர் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் குழாய்க்குச் சிவப்பு வண்ணம்; இல்லையேல் பச்சை. சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. இதில் ஒரு விந்தை, அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. ஊருக்கு ஒரு மாதிரி எடுத்துச் சராசரி போட்டால் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு குழாயாகத்தான் பார்க்க வேண்டும். வண்ணமும் மழையிலும் வெயிலிலும் மங்கிவிடும். அதன்பின் எந்தக் குழாய் எந்த நிறம் என்பது, குடம் சுமக்கும் பெண்ணுக்குத்தான் நினைவிருக்கும்.