நெகடிவ் இருக்கிறதா?

சில வருஷங்களாக எங்கள் பக்கம் ஒரு புதுப் பழக்கத்தைக் கவனிக்கிறேன். ராயபுரம் ரயில் நிலையத்துத் தூண்களையும் காசிமேட்டு மீன் ஏலத்தையும் படம் எடுக்க வருகிற பிள்ளைகளில் சிலர் கழுத்தில் பழைய பிலிம் கேமரா தொங்குகிறது. என் மகள் வயிற்றுப் பேரனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். பரணில் கிடந்த என் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். கையில் இருக்கிற போனில் ஆயிரம் படம் காசில்லாமல் எடுக்கலாம். இவனோ ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிக்க ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது என்று சொல்லிக்கொண்டே 12 படம் எடுக்கிறான்.

"இது என்ன பைத்தியம்?" என்று என் வயது நண்பர்கள் கேட்கிறார்கள். பைத்தியம் இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

உலகம் முழுக்கவே இப்படித்தான் நடக்கிறது. டிஜிட்டல் கேமராவை முதலில் செய்து பார்த்ததே கோடக் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற என்ஜினீயர்தான், அது 1975. ஒரு படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனதாம். அந்தக் கோடக் கம்பெனியே 2012இல் திவால் மனு போட்டது. பிலிம் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் நிறுத்தி வைத்த எக்டாக்ரோம் பிலிமை 2018இல் கோடக் மறுபடி கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் கம்பெனி புத்தம் புதிய பிலிம் கேமரா ஒன்றையே விற்பனைக்கு விட்டது. வாங்க ஆள் இல்லாமல் எந்தக் கம்பெனியும் இப்படிச் செய்யாது.

வழக்கமாகச் சொல்லும் காரணங்களை முதலில் பார்த்துவிடலாம். "பிலிமில் எடுத்தால் படம் அழகாக இருக்கும்" என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் பாதிப் படத்தில் தலை வெட்டுப்பட்டிருக்கும். மீதியில் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். இன்றைய போன் இருட்டிலும் பளிச்சென்று எடுக்கிறது. அழகுப் போட்டி வைத்தால் போன்தான் ஜெயிக்கும்.

"குறைவாக எடுப்பதால் கவனமாக எடுக்கிறோம்" என்பது இரண்டாவது காரணம். இது உண்மை. பெரிய ரோலில் 12, சின்ன ரோலில் 36. சாமர்த்தியமாக மாட்டினால் 37, 38 கூட வரும். கல்யாண வீட்டுக்காரர் அதையும் கணக்கு வைத்திருப்பார். பொங்கலுக்குப் போட்ட ரோல் தீபாவளிக்குத்தான் முடியும். "இன்னும் நாலு பாக்கி இருக்கு, வீணாக்காதே" என்று வீட்டில் குரல் கேட்கும். கடைசியில் கழுவக் கொடுத்து, பிரிண்ட் வந்து, காலி டப்பா வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கப் பாட்டியிடம் போய்ச் சேரும். அந்தக் காத்திருப்பில் ஒரு ருசி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ருசிக்காக மட்டும் ஒரு பொருள் நிலைத்து நிற்காது. ரேடியோ கிராமுக்கும் ருசி இருந்தது. அது எங்கே இப்போது?

என்னைக் கேட்டால் காரணம் வேறு.

என் பள்ளிப்படிப்பு புதுவையில், பிரெஞ்சு வழியில். பிறகு குடும்பம் ராயபுரம் வந்தது. அரசு அலுவலகத்தில் ஃபைல் தூக்கியே காலம் போயிற்று. பிரெஞ்சு பேச ஆள் இல்லை. ஆனாலும் சில சொற்கள் உள்ளே தங்கிவிட்டன. புகைப்படம் பிரான்சில் பிறந்த பிள்ளை. தாகேர் கண்டுபிடித்த முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் பகிரங்கமாக வெளியிட்டார்கள். நாம் டெவலப்பர் என்கிற மருந்துக்கு பிரெஞ்சில் ரெவேலாத்தேர் என்று பெயர். வெளிப்படுத்துவது என்று பொருள். ஒளி பட்ட கணமே பிலிமில் படம் விழுந்துவிடுகிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. மருந்து அதை வெளிப்படுத்துகிறது. பிரிண்டுக்கு எப்ரேவ், அதே சொல்லுக்குச் சோதனை என்றும் அர்த்தம் உண்டு. நெகடிவுக்கு க்ளிஷே.

க்ளிஷே என்ற சொல் இப்போது தமிழ்ப் பத்திரிகைகளிலும் அடிபடுகிறது, அரைத்த மாவையே அரைப்பது என்ற பொருளில். ஆதியில் அது அச்சுக்கூடச் சொல். ஒரே தகட்டிலிருந்து எத்தனை நகல் வேண்டுமானாலும் அடிக்கலாம் அல்லவா, அந்தத் தகட்டின் பெயர். அதுவே நெகடிவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. தாகேரின் படத்துக்கு நெகடிவ் கிடையாது. ஒரு படம்தான், அதோடு சரி. நெகடிவ் வழியைக் காட்டியவர் இங்கிலாந்துக்காரரான டால்பட். ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக, மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் காகித நெகடிவில் எடுத்துக்கொண்டிருந்தார். நகல் எத்தனை வந்தாலும் மூலம் ஒன்று. பிலிமின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். நகல் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். அசலோடு ஒப்பிட்டுச் சரி பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு மதிப்பு. போனில் எடுத்த படத்துக்கு அசல் எது? வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்குப் போய், ஒவ்வொரு தடவையும் சுருங்கி, யாரோ வெட்டி, யாரோ முகத்துக்குப் பவுடர் பூசி, நம்மிடமே திரும்பி வருகிறது. இப்போதோ பிறக்காத மனிதனுக்குக் கூட கம்ப்யூட்டர் முகம் வரைந்து கொடுக்கிறது. நெகடிவிலும் தில்லுமுல்லு செய்யலாம்; ஸ்டூடியோக்காரர்கள் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைத்தது நமக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பென்சில் கோடு நெகடிவின் மேல் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

1990களில் ஒரு நாள். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என் மேஜைக்கு வந்தார். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. உதவித்தொகை மனுவுக்கு அவர் படம் வேண்டும்.

"ஒரு போட்டோ கூட இல்ல சார். வூட்ல இருந்ததெல்லாம் தண்ணியில போச்சு."

கையில் ஒரு நைந்த ஸ்டூடியோ கவர் மட்டும் இருந்தது, உள்ளே படம் இல்லாமல். அதன் மூலையில் மையால் ஒரு எண்.

"அம்மா, இது நெகடிவ் நம்பர். இந்தக் கவரை அப்படியே அந்த ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போய்க் காட்டுங்க" என்றேன்.

அந்த ஸ்டூடியோக்காரர் பிஸ்கட் டின்களில் வருஷ வாரியாக நெகடிவ் அடுக்கி வைத்திருந்தவர். கல்யாணமான புதிதில் எடுத்த ஜோடிப் படம் கிடைத்தது. அதிலிருந்து புருஷன் முகத்தை மட்டும் பாஸ்போர்ட் சைஸில் மூன்று பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டை மனுவில் ஒட்டினோம். மூன்றாவதை அந்த அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

இது ஒரு வீட்டுக் கதை. ஊர்க் கதை ஒன்றும் சொல்கிறேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்த நடராஜர் திருட்டுப் போய், 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கி வைத்திருந்தது. விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரர் சிட்னியில் ஒரு கலைக்கூடத்தில் இருந்தார். இவை நம் சிலைகள்தாம் என்று நிரூபிக்க உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டின் பழைய படங்கள். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனத்தார் பல வருஷங்கள் ஊர் ஊராகப் போய், கோயில் கோயிலாக நுழைந்து, ஒரு லட்சத்துக்கு மேல் படம் எடுத்து, எண் போட்டு, ஊர்ப் பெயர் எழுதி வைத்தார்கள். அன்றைக்குத் திருட்டைப் பற்றி யார் நினைத்தார்கள்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து இரண்டு சிலைகளையும் ஒப்படைத்தார். எண் போட்டு அடுக்கி வைத்த ஒரு குமாஸ்தா வேலை, சாமியையே வீட்டுக்கு அழைத்து வந்தது. எங்கள் இனத்துக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப் போனது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தை குட்டியோடு தெருவில் ஓடினார்கள். அந்த ராத்திரியில் பிலிம் ரோல் மாட்டி, கழுவக் கொடுத்து, பிரிண்டுக்குக் காத்திருக்க முடியுமா? அங்கிருந்த மீனவப் பிள்ளைகள் போனில் எடுத்தார்கள், உடனே நாடே பார்த்தது. ஏழை கையில் இப்படி ஒரு கேமரா முன்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே போன் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் படங்கள் இன்றைக்கு எங்கே இருக்கின்றன? எடுத்த பிள்ளை போனை மாற்றியிருப்பான். மெமரி நிறைந்துவிட்டது என்று அழித்திருப்பான். நம் பகுதியில் வழக்குகள் முப்பது வருஷம் நடப்பது புதிதல்ல. முப்பது வருஷம் கழித்து, "இந்த ஆற்றில் எண்ணெய் எங்கே வந்தது, காட்டு" என்று ஒருவர் கேட்டால், எடுத்த தேதி, இடம், எடுத்தவர் பெயரோடு அசலை எடுத்து வைக்க யாரிடம் பிஸ்கட் டின் இருக்கிறது? பிலிமிடம் போன் கற்க வேண்டிய பாடம் இது.

பிலிம் காலத்திலும் நாம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காப்பாற்றிவிடவில்லை. 1930களுக்கு முன் நம் ஊரில் எடுத்த மௌனப் படங்களில் மிஞ்சியது அநேகமாக ஒன்றுமில்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' பிரதியும் இல்லை. பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதை எடுப்பதற்காகவே பழைய பிலிமை எடைக்கு வாங்கி உருக்குவார்கள். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்கள் மூடியபோதும் இதுதான் நடந்தது. நான் சொன்ன அந்த பிஸ்கட் டின்கள், அவர் காலமான பிறகு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. ஒரு தலைமுறையின் கல்யாணமும் காதுகுத்தும் கிலோக் கணக்கில் போயின. நல்ல வேளையாக, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிப் பிடித்து மின்படி எடுக்கும் வேலையையும் அதே புதுச்சேரி இன்ஸ்டிடியூட் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு செய்திருக்கிறது. ஆனால் அவர்கள் எத்தனை ஊருக்குத்தான் போக முடியும்?

பிலிம் தயாரிக்கவே நமக்குச் சொந்த ஆலை இருந்தது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960இல் தொடங்கி, பிரெஞ்சு கம்பெனியான போஷேயின் தொழில்நுட்பத்தோடு 1967 முதல் உற்பத்தி. 'இந்து' என்று பெயர். நிலா என்று அர்த்தம். மருந்து பூசும் வேலை முழுக்க இருட்டில் நடக்க வேண்டும். இருட்டில் செய்கிற பொருளுக்கு நிலாவின் பெயர் வைத்தவர் ரசிகர். கறுப்பு வெள்ளை ரோல், பிரிண்ட் போடும் தாள், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஊர் கலருக்குப் போனபோது ஆலை நலிந்தது. பிறகு டிஜிட்டல் வந்தது. இப்போது மூடிக் கிடக்கிறது. பேரன் தலைமுறை வாங்கும் ரோல்கள் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருகின்றன.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேரன் பேத்தி பிலிம் கேமரா கேட்டால் சிரிக்காதீர்கள். கேமராவை மட்டும் கொடுத்தும் அனுப்பாதீர்கள். பீரோவில் இருக்கும் நெகடிவுகளையும் சேர்த்து வெளியே எடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றும் புழுக்கமும் பிலிமுக்கு எமன். பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, பட்டர் பேப்பரிலோ நல்ல காகித உறையிலோ தனித்தனியாகப் போடுங்கள். காடி வாசனை அடிக்கிற பிலிமை மற்றதிலிருந்து பிரித்து வையுங்கள். அந்த நோய் பக்கத்தில் இருப்பதற்கும் தொற்றும். மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, சமையலறைச் சுவருக்கும் தரைக்கும் தள்ளி வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். செய்த பிறகு அசலைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதை நம்மைத் தவிர யாரும் செய்ய முடியாது. படத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்த கடைசி ஆள் பல வீடுகளில் நாம்தான். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், மை முன்பக்கம் இறங்கும். மெல்லிய பென்சில் போதும்.