காசு எப்படிக் கைமாறும்?

1999-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையில் படித்தவர்கள் நாலு பேர் கூடினால், அதில் இரண்டு பேரிடம் ஒரு டாட் காம் ஐடியா இருந்தது. கோயில் பிரசாதத்தைக் கூரியரில் அனுப்பும் டாட் காம், பழைய பாடப் புத்தகம் விற்கும் டாட் காம், டியூஷன் வாத்தியார் தேடித் தரும் டாட் காம். மைத்துனர் பெயரில் டொமைன் வாங்கிப் போட்டிருப்பதாக ஒருவர் காதோரம் வந்து ரகசியம் சொல்வார். எதை விற்கலாம் என்பதில் யாருக்கும் பஞ்சமில்லை. வாங்குகிறவர் காசை எப்படிக் கொடுப்பார் என்று கேட்டால் மட்டும் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

அந்தக் காலத்தைப் பற்றி இப்போது வருகிற புத்தகங்களும் பேட்டிகளும் ஐடியாவைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐடியா ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் இருந்தது. நின்றவர்கள் வசூலுக்கு வழி கண்டவர்கள். மற்றவர்கள் பாக்கிக்காரர்களின் முகம்கூடத் தெரியாமல் கடையைச் சாத்தினார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். மூலமாக. தனியாருக்கு அனுமதி 1998-இல்தான் கிடைத்தது. முதலில் இறங்கிய தனியார் நிறுவனம் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி. 1999 அக்டோபரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. அப்படிப் போன முதல் இந்திய இணைய நிறுவனம் அதுதான். அடுத்த மாதமே, மும்பையில் ராஜேஷ் ஜெயின் நடத்திக்கொண்டிருந்த இந்தியா வேர்ல்ட் நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. பாட்டா செருப்பின் விலைபோல ஒன்று குறைத்துச் சொன்ன அந்தத் தொகை, மறுநாள் காலை பல வீடுகளில் காபியை ஆற வைத்தது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி என்று செய்திக்கும் தேடலுக்கும் கிரிக்கெட்டுக்கும் சமையலுக்கும் ஒவ்வொரு தளம். அவற்றின் அன்றைய வருமானத்தை வைத்து யாரும் அந்த விலையைப் போட்டிருக்க முடியாது. பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கைக்குப் போட்ட விலை அது. பார்க்கிறவர் என்றைக்காவது காசு கொடுப்பார் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்.

2000 மார்ச் 10 அன்று நாஸ்டாக் குறியீடு 5,048-இல் நின்றது. 2002 அக்டோபரில் 1,114. இடையில் டாட் காம் குமிழி உடைந்ததை ஊரே பேசித் தீர்த்துவிட்டது, விடுங்கள்.

வசூல் விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை ஈபேயுடையது. 1995-இல் பியர் ஒமிடியார் என்ற மென்பொருள்காரர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலிருந்து ஓர் ஏலத் தளத்தை இலவசமாக நடத்தினார். கூட்டம் சேர்ந்ததும் இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம், 'இது சொந்தத் தளம் மாதிரித் தெரியவில்லை, வியாபாரக் கட்டணம் கட்டு' என்று மாதம் 250 டாலர் கேட்டது. அதைக் கட்டுவதற்காகத்தான் அவர் விற்பனையில் ஒரு சிறு பங்கு கேட்க ஆரம்பித்தார். ஆன்லைனில் வாங்கிக்கொள்ள எந்த ஏற்பாடும் இல்லை, கட்டாயப்படுத்தவும் வழியில்லை. ஆனாலும் தபாலில் உறைகள் வந்து குவிந்தன. செக், மணி ஆர்டர், சிலதில் அட்டையில் டேப் போட்டு ஒட்டிய சில்லறைக் காசு. உறைகளைப் பிரிக்கவே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியதாயிற்று. உலகத்தின் மிக நவீன சந்தை தபால்காரரின் பையில் ஓடியது. சில்லறையை ஒட்டி அனுப்பும் அளவுக்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு தளம் தேவைப்படுகிறது என்றால், அந்த வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஈபேயில் விற்றவர்களின் செக் தலைவலியைத் தீர்த்துத்தான் பேபால் வளர்ந்தது. ஆனால் பேபால்காரர்கள் கிளம்பியது அதற்காக அல்ல. கையடக்கப் பாம் பைலட் கருவிகளை எதிரெதிரே நீட்டிப் பணம் அனுப்புவதுதான் அவர்களுடைய மூல ஐடியா. 1999-இல் ஓர் உணவு விடுதியில் நிருபர்களைக் கூட்டி, தங்களுக்கு வந்த முதலீட்டுப் பணம் 30 லட்சம் டாலரையே அப்படி அனுப்பிக் காட்டினார்கள். விடுதிக்கு வெளியே அந்த வித்தை யாருக்கும் தேவைப்படவில்லை. ஓரமாகக் கிடந்த மின்னஞ்சல் வழிப் பணம் அனுப்பும் வசதியை ஈபே வியாபாரிகள் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். சேர்ந்தால் 10 டாலர், ஆளைச் சேர்த்துவிட்டால் இன்னொரு 10 டாலர் என்று பேபால் பணத்தை வாரியும் இறைத்தது. பில்பாயின்ட் என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தைச் சொந்தமாகவே வாங்கி வைத்திருந்தும் ஈபேயால் இதைத் தடுக்க முடியவில்லை. 2002-இல் 150 கோடி டாலருக்குப் பேபாலையே வாங்கிப்போட்டது.

அதே சமயத்தில் ஃப்ளூஸ் என்று ஓர் இணைய நாணயமும் உலா வந்தது. நடிகை வூப்பி கோல்ட்பெர்க் விளம்பரத்தில் தோன்றினார். கடைக்காரர்களோடு சேர்ந்து திருட்டுக் கிரெடிட் கார்டு கும்பல்களும் அதை ஏற்றுக்கொண்டன. 2001 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவிலாவது ஆளுக்கு ஒரு கார்டு இருந்தது. இங்கே கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களே சொற்பம். வைத்திருந்தவர்களும் அந்தப் பதினாறு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவதற்குப் பயந்தார்கள். 'செக்கோ டி.டி.யோ எடுத்து இந்த முகவரிக்கு அனுப்பவும்' என்று போட்ட தளங்கள் இருந்தன. மவுஸால் ஒரு தட்டுத் தட்டிச் சட்டை வாங்கலாம் என்று விளம்பரம் செய்துவிட்டு, அதற்காக வங்கியில் வரிசையில் நின்று டி.டி. எடுக்கச் சொன்னால் எவர் வாங்குவார்? தி.நகருக்கு ஒரு பஸ் ஏறினால் சட்டையும் ஆயிற்று, சூடாகப் பஜ்ஜியும் ஆயிற்று.

இதில் எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம் ஒன்று உண்டு. முகம் தெரியாதவருக்குப் பொருளை அனுப்பிக் காசு வாங்குகிற வித்தை இந்த நாட்டுக்குப் புதிதே அல்ல. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து தபால் துறை அதைத்தான் வி.பி.பி. என்ற பெயரில் செய்துவந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் வரும். லேகியம், ஜோதிடப் புத்தகம், முப்பது நாளில் இங்கிலீஷ், டிரான்சிஸ்டர் ரேடியோ. ஒரு போஸ்ட் கார்டு போட்டால் போதும். தபால்காரர் பார்சலோடு வாசலில் வந்து நிற்பார். காசைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். அந்தக் காசு மணி ஆர்டராக அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன அறையை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி வரை வியாபாரம் செய்தவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் பெரியவர் இல்லாத நேரத்தில் பையன் ஆர்டர் செய்த மேஜிக் செட் வந்து, 'யாருடா இது?' என்று கேட்டு, வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிய வீடுகளும் உண்டு. போக வரத் தபால் செலவு அனுப்பியவர் தலையில். அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் லேகியத்துக்கு விலை வைத்தார்கள்.

கோட்டு சூட்டு போட்ட டாட் காம்காரர்களில் பலரும் இந்த லேகியக்காரரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசவில்லை. 2010-இல் ஃபிளிப்கார்ட், பொருள் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று அறிவித்தபோது, அதை ஏதோ புதிய கண்டுபிடிப்புபோல வணிகப் பத்திரிகைகள் எழுதின. திரும்பி வருகிற பார்சல் என்ற பழைய வியாதியும் கூடவே வந்தது.

காசு கொடுக்கக் கூடியவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தவர்கள் முதலில் கண்டுகொண்டது வெளிநாட்டு இந்தியரை. டாலர் சம்பளம், கையில் கார்டு, மனத்தில் ஊர் ஏக்கம். சென்னையில் பெரிதாக வளர்ந்த சுலேகா ஆரம்பத்தில் வெளிநாட்டு இந்தியர்களின் எழுத்துகளுக்கான இடமாக இருந்தது, அப்புறம் அமெரிக்காவில் நடக்கும் இந்தியக் கலை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்றது. அம்மாவின் பிறந்த நாளுக்கு நியூ ஜெர்சியிலிருந்து பணம் கட்டி, மாம்பலத்து வீட்டில் கேக்கை இறக்கிய தளங்களும் இப்படிப் பிழைத்தவைதான். காசு அங்கே, சரக்கு இங்கே.

முருகவேல் ஜானகிராமனும் அமெரிக்காவில்தான் தொடங்கினார். வடசென்னையில் வளர்ந்து மென்பொருள் வேலைக்கு அங்கே போனவர். 1997-இல் தமிழர்களுக்கென்று அவர் நடத்திய தளத்தில் பலதும் இருந்தன, அதில் வரன் தேடும் பக்கமும் ஒன்று. கூட்டம் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தது. அவரே அதன் வழியாகத்தான் மணம் முடித்தார். 2000-இல் பாரத் மேட்ரிமோனி பிறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது கட்டணத்தை எப்போது வாங்கினார்கள் என்பதுதான். நம் ஊர்க் கல்யாணத் தரகர் முகூர்த்தம் முடிந்ததும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார். சமையல்காரரிடமோ நாதஸ்வரக்காரரிடமோ விசாரித்தால் கல்யாணம் நடந்த சேதி அவருக்குத் தெரிந்துவிடும், தப்பிக்க முடியாது. வெப்சைட்டுக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே பதிவு இலவசம், எதிர்த் தரப்பின் தொலைபேசி எண் வேண்டுமானால் இத்தனை மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாங்கினார்கள். கார்டு இல்லாத பெற்றோர் என்ன செய்வார்கள்? ஊர் ஊராக அலுவலகம் திறந்தார்கள். வீட்டுக்கே ஆள் அனுப்பிக் காசு வாங்கினார்கள். ஜாதக நகலும் ஃபோட்டோவும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு ஒரு அப்பா மாடி ஏறி வருகிறார், ஒரு பெண் ரசீது எழுதித் தருகிறாள். இணைய வியாபாரம் என்றால் இப்படியும்தான் இருந்தது. 2017-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

பெங்களூரில் 1999-இல் தொடங்கிய ஃபேப்மார்ட் இன்னும் விசித்திரம். இணையத்தில் பாட்டு கேசட்டும் புத்தகமும் விற்க வந்தவர்கள், சில வருஷத்தில் மளிகைக் கடைகளைத் தெருவில் திறந்தார்கள். கல்லா வைத்து, ஆள் உட்கார்ந்து காசு வாங்கும் கடை. அந்தக் கடைகள் கைமாறி ஆதித்ய பிர்லா குழுமத்துக்குப் போயின. அதே கூட்டாளிகளில் சிலர் 2011-இல் மறுபடி இணையத்துக்கு வந்து பிக் பாஸ்கெட்டைத் தொடங்கினார்கள். அதற்குள் ஊரின் கை கார்டுக்குப் பழகியிருந்தது. பழக்கிய பெருமையில் பெரும் பங்கு எந்த டாட் காமுக்கும் சேராது, ரயில்வேக்குத்தான் சேரும் என்பது என் கட்சி. 2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி. தளம் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, பணத்தை ஆன்லைனில் கட்டினால் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போக அதிகாலையில் எழும்பூரில் வரிசையில் நிற்பதா, கார்டு எண்ணைத் தட்டுவதா என்று வந்தபோது, பயம் தன்னால் விலகியது.

கார்டு இல்லாதவர்களுக்குத் தெருமுனை பிரவுசிங் சென்டர் அண்ணன் இருந்தார். சிஃபியும் ஐ-வே என்ற பெயரில் ஊரெங்கும் இப்படிப்பட்ட மையங்களைப் பரப்பியது. 'அண்ணே, ரிசல்ட் வந்துடுச்சா?' என்று பிளஸ் டூ பிள்ளைகள் கதவில் தொங்குவார்கள். நம்பரைத் தட்டி, மதிப்பெண்ணை அச்சடித்துக் கொடுத்து, பத்தோ இருபதோ வாங்கிக் கல்லாவில் போடுவார். ரெஸ்யூம் டைப் செய்ய ஒரு விலை, ஃபோட்டோ ஸ்கேன் பண்ண ஒரு விலை, தன் கார்டில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் மேலே கொஞ்சம். இலவசமாகக் கிடைத்த தளங்களை வைத்து ரொக்கம் பார்த்தவர் அவர்தான். நாஸ்டாக் விழுந்ததுகூட அவருக்குத் தெரியாது.

கடைசியாக, வேலை வாய்ப்புத் தளமான நௌக்ரி. அதைத் தொடங்கிய சஞ்சீவ் பிக்சந்தானி, முன்னர் ஹார்லிக்ஸ் தயாரித்த நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, சக ஊழியர்கள் அலுவலகத்துக்கு வரும் வணிகப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவதைக் கவனித்தார். வேலை வாய்ப்பு விளம்பரங்கள் அங்கேதான் இருந்தன. 1997-இல் தொடங்கிய தளத்தில், செய்தித்தாள்களில் வந்த விளம்பரங்களையே தொகுத்து ஏற்றினார். சர்வர் அமெரிக்காவில் வாடகைக்கு, அண்ணன் அங்கே இருந்ததால் வாடகை கட்டுவதும் சுலபமாயிற்று. வேலை தேடுகிறவரிடம் அவர் காசு கேட்கவில்லை. ஆள் தேடும் நிறுவனத்திடம் கேட்டார். அதனிடம் செக் புத்தகம் இருந்தது, விளம்பரத்துக்குக் காசு கொடுக்கும் பழக்கமும் இருந்தது.

2000 ஏப்ரலில், குமிழி உடையத் தொடங்கிய நேரத்தில், ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் 7.3 கோடி ரூபாய் முதலீடு செய்தது. மற்றவர்கள் ஹோர்டிங்குக்கும் டி.வி. விளம்பரத்துக்கும் கொட்டிக்கொண்டிருந்த காலம். இவர்கள் பெரும்பகுதியை வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டார்கள். பிறகு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து விற்பனைப் பிரதிநிதிகளை வேலைக்கு வைத்தார்கள். அக்கம்பக்கத்து டாட் காம்கள் நாற்காலியையும் மேஜையையும் விற்றுக்கொண்டிருந்தபோது, அந்தப் பிரதிநிதிகள் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கி, மனிதவள அதிகாரியின் அறை வாசலில் காத்திருந்து, செக்கை வாங்கி வந்தார்கள்.